பள்ளியை விட்டவர்களுக்குக் கல்லூரி: டெக்சஸ் எல்லையோரப் பள்ளி மாவட்டம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

டெக்சஸ் மாநிலத்தின் தென்கோடியில், ரியோ கிராண்டே ஆற்றுக்கு வடகரையில், ஃபார், சான் ஹுவான், அலமோ என்ற மூன்று சிறு நகரங்கள் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. ஆற்றைக் கடந்தால் மெக்சிகோவின் ரெய்னோசா. மூன்று நகரங்களுக்கும் சேர்த்து ஒரே பள்ளி நிர்வாகம்தான். அமெரிக்க வழக்கில் அதைப் பள்ளி மாவட்டம் என்பார்கள். ஏறத்தாழ முப்பதாயிரம் மாணவர்களைக் கொண்ட இம்மாவட்டத்தில் ஏறத்தாழ அனைவரும் மெக்சிகோ வம்சாவளியினர். பத்தில் ஒன்பது பேர் அரசின் வரையறைப்படி வறிய குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். வீட்டில் ஸ்பானிஷ் பேசி, பள்ளியில் ஆங்கிலத்தை முதன்முதலாகக் கற்பவர்களும் ஏராளம்.

2007-இல் டேனியல் கிங் இந்த மாவட்டத்தின் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்றபோது, ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களுள் நான்கே ஆண்டுகளில் டிப்ளமோ என்னும் பள்ளி நிறைவுச் சான்றிதழ் பெற்று வெளியேறியவர்கள் சுமார் 62 சதவீதம்தான். அதே ஆண்டு மாநிலச் சராசரி 78 சதவீதம். இப்படிப்பட்ட நிலையில் ஒரு நிர்வாகி வழக்கமாகச் செய்யக்கூடியது என்ன என்பது நமக்கும் தெரியும்: பின்தங்கிய மாணவர்களுக்குச் சிறப்பு வகுப்பு, எளிமையாக்கிய பாடம், மாலைநேரப் பயிற்சி. கிங் இதற்கு நேர்மாறான வழியைத் தேர்ந்தெடுத்தார். பள்ளியையே முடிக்காதவர்களை அழைத்துக் கல்லூரிப் பாடத்தில் உட்கார வைத்தார். பிறகு படிப்படியாக அதையே மாவட்டம் முழுவதற்குமான முறையாக மாற்றினார். அந்த முடிவு எப்படி வேலை செய்தது, எங்கே இடறியது என்பதே இந்த ஆய்வின் பொருள்.

ஒரே பாடம், இரண்டு கணக்கு

தமிழ்நாட்டின் பிளஸ் டூ முறையில் வளர்ந்தவர்களுக்குப் பள்ளி மாணவர் கல்லூரிப் பாடம் படிப்பது விநோதமாகத் தோன்றலாம். நம்மிடம் பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவே பொதுத்தேர்வு என்ற சுவர் இருக்கிறது. அதைத் தாண்டாமல் மறுபக்கத்தின் எந்தப் பாடமும் கணக்கில் வராது. அமெரிக்காவில் டிப்ளமோ என்பது பாடங்களின் கூட்டுத்தொகை. டெக்சஸில் இன்றைய விதிப்படி தேறிய பாடங்களுக்குக் கிடைக்கும் கிரெடிட் என்ற அலகுகளை 22 முதல் 26 வரை சேர்த்தால் பள்ளி முடிந்தது. மாநிலத் தேர்வு ஒன்று உண்டு என்றாலும் அது தேறினால் போதும் என்ற வகையைச் சேர்ந்தது. அதன் மதிப்பெண்ணைக் கொண்டு எந்தக் கல்லூரியும் இடம் ஒதுக்குவதில்லை. ஆகவே பதினொன்றாம் வகுப்பு மாணவர் ஒருவர் கல்லூரியின் முதலாண்டு ஆங்கிலத்தைப் படித்துத் தேறினால், அதைப் பள்ளியின் ஆங்கிலப் பாடமாகவும் கல்லூரியின் ஆங்கிலப் பாடமாகவும் இரண்டு இடத்திலும் எழுதிக்கொள்வதற்குக் கட்டமைப்பில் தடை ஏதும் இல்லை. இதைத்தான் டெக்சஸில் டூயல் கிரெடிட் என்கிறார்கள்.

இந்த எண்ணம் புதியதன்று. நியூயார்க் நகரத்தில், ஈராண்டுப் படிப்புகளைத் தரும் சமுதாயக் கல்லூரிகளில் ஒன்றான லாகார்டியா 1974-இலேயே தன் வளாகத்துக்குள் ஓர் உயர்நிலைப் பள்ளியை நடத்தத் தொடங்கியது. அதுவும் பள்ளியைப் பாதியில் விடும் அபாயத்தில் இருந்தவர்களுக்காகத்தான். 1985-இல் மின்னசோட்டா மாநிலம், பள்ளி மாணவர்கள் அரசுச் செலவில் கல்லூரிப் பாடம் படிக்க வழிசெய்யும் சட்டத்தை மாநிலம் முழுமைக்கும் இயற்றியது. 2002 முதல் கேட்ஸ் அறக்கட்டளையின் நிதியில், பள்ளிப் படிப்போடு கல்லூரிப் பாடங்களையும் சேர்த்தே தரும் முன்கல்லூரி உயர்நிலைப் பள்ளிகள் நாடெங்கும் முளைத்தன. டெக்சஸ் சட்டமன்றம் 2006-இல், ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் மாணவர்களுக்குக் குறைந்தது 12 செமஸ்டர் மணி அளவிலான கல்லூரிக் கிரெடிட் ஈட்டும் வாய்ப்பைத் தர வேண்டும் என்று விதித்தது. செமஸ்டர் மணி என்பது கல்லூரிக் கணக்கின் அலகு: வாரம் மூன்று மணி நேர வகுப்பு ஒரு செமஸ்டர் நடந்தால் மூன்று மணி. அசோசியேட் என்னும் ஈராண்டுப் பட்டத்துக்கு 60 மணி, இளநிலைப் பட்டத்துக்கு 120 மணி.

இவற்றிலெல்லாம் பொதுவாகக் காணப்பட்ட ஒரு போக்கை இங்கே குறிப்பிட்டாக வேண்டும். விருப்பத்துக்கு விட்டுவிட்ட இடங்களில் இத்திட்டம் ஏற்கெனவே நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கான பரிசாக மாறிப்போனது. விண்ணப்பம், தகுதித் தேர்வு, கட்டணம், பேருந்து ஆகிய ஒவ்வொரு படியிலும் வறிய வீட்டுப் பிள்ளை உதிர்ந்தது.

பள்ளத்தாக்கின் பழைய கணக்கு

ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் கல்லூரி என்ற சொல்லுக்கு ஓர் அரசியல் வரலாறு உண்டு. ஃபாருக்கு வடகிழக்கே சிறிது தொலைவில் உள்ள எட்கவுச்–எல்சா பள்ளியில் 1968 நவம்பரில் மெக்சிகோ வம்சாவளி மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்து வெளியேறினார்கள். பள்ளி வளாகத்தில் ஸ்பானிஷ் பேசினால் தண்டிப்பதை நிறுத்த வேண்டும் என்பதும், தங்களையும் கல்லூரிக்குத் தயார் செய்யும் பாடங்களும் ஆலோசனையும் வேண்டும் என்பதும் அவர்களின் கோரிக்கைகளில் இடம்பெற்றன. பருத்தி, ஆரஞ்சுத் தோட்டங்களில் வேலை செய்ய ஆள் வேண்டியிருந்த பகுதியில், அந்த ஆட்களின் பிள்ளைகள் எதற்குப் படிக்க வேண்டும் என்ற எண்ணம் பள்ளி நிர்வாகங்களிலேயே ஊறிக் கிடந்த காலம் அது.

எடின்பர்க்கில் ஒரு பல்கலைக்கழகம் இருந்தபோதிலும், ஹிடால்கோ, ஸ்டார் ஆகிய இரு கவுண்டிகளுக்கும் (மாநிலத்தின் உள் நிர்வாகப் பிரிவுகளுக்கும்) சமுதாயக் கல்லூரி என்று ஒன்று 1993-இல்தான் வந்தது. மக்ஆலன் நகரில் தொடங்கிய அக்கல்லூரி இன்று சவுத் டெக்சஸ் கல்லூரி என்று அறியப்படுகிறது. இந்த ஆய்வில் அதன் பங்கு பள்ளி மாவட்டத்தின் பங்குக்குச் சற்றும் குறைந்ததன்று. தன்னோடு ஒப்பந்தம் செய்துகொண்ட பள்ளிகளின் மாணவர்களுக்குக் கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் கொள்கையை அக்கல்லூரி கடைப்பிடித்தது. பாடநூல், பேருந்து, ஆசிரியர் ஊதியம் ஆகியவற்றைப் பள்ளி மாவட்டம் ஏற்றது. கட்டணம் என்ற முதல் தடை இப்படி நீங்காமல் இருந்திருந்தால், அடுத்து நடந்த எதுவும் நடந்திருக்காது.

கிங்கும் வெறுங்கையோடு வரவில்லை. அதற்கு முன் அவர் பக்கத்துச் சிற்றூரான ஹிடால்கோவின் பள்ளி மாவட்டத்தில் கண்காணிப்பாளராக இருந்து, அங்கிருந்த உயர்நிலைப் பள்ளி முழுவதையும் முன்கல்லூரிப் பள்ளியாக மாற்றும் முயற்சியைத் தொடங்கியவர். ஹிடால்கோ சிறிய ஊர். அங்கே செய்ததைப் பல உயர்நிலைப் பள்ளிகள் கொண்ட பெரிய மாவட்டத்தில் செய்ய முடியுமா என்பது 2007-இல் திறந்த கேள்வியாகவே இருந்தது.

முதலில் அழைக்கப்பட்டவர்கள்

பன்னிரண்டாம் வகுப்பு வரை வந்துவிட்டு, ஓரிரு பாடங்களிலோ மாநிலத் தேர்வின் ஒரு பகுதியிலோ தேறாமல் டிப்ளமோ கிடைக்காது நின்றவர்கள் அந்த ஆண்டு மட்டும் இருநூறுக்கும் மேல் இருந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளில் நின்றவர்கள் தனி. அவர்களில் பலர் வேலைக்குப் போய்விட்டார்கள், சிலருக்குக் குழந்தை இருந்தது. பதினாறு வயதுப் பிள்ளைகளோடு மீண்டும் பழைய பெஞ்சில் உட்காரச் சொன்னால் வருவார்களா?

இவர்களுக்காக 2007-இலேயே தனிப் பள்ளி ஒன்று திறக்கப்பட்டது. பெயரிலேயே கல்லூரி, தொழில், தொழில்நுட்பம் என்ற மூன்றும் இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். பாக்கியிருந்த பாடத்தையோ தேர்வையோ முடிக்க வேண்டும். அதற்கான தகுதி கிடைத்த கணத்திலிருந்து, டிப்ளமோ கைக்கு வரும்வரை காத்திராமல், சவுத் டெக்சஸ் கல்லூரியின் பாடத்தைத் தொடங்கலாம். மாவட்ட அலுவலர்கள் பட்டியலை வைத்துக்கொண்டு வீடுவீடாகச் சென்று அழைத்தார்கள். பள்ளியை முடிக்கவில்லையா, வந்து கல்லூரியில் சேர் என்பதே அழைப்பின் சாரம். முரணாகத் தோன்றும் அந்த அழைப்பின் கூர்மையை அவர்கள் நன்கு அறிந்தே பயன்படுத்தினார்கள்.

பணக் கணக்கையும் மறைக்க வேண்டியதில்லை. டெக்சஸ் அரசு பள்ளிகளுக்கு நிதி தருவது மாணவர்களின் சராசரி வருகையைப் பொறுத்து. 26 வயதுக்கு உட்பட்டவர்கள் பள்ளிக்குத் திரும்பினால் அவர்களுக்கும் அந்த நிதி உண்டு என்று சட்டமன்றம் அதே 2007-இல் விதியைத் தளர்த்தியது. ஆகவே திரும்பி வந்த ஒவ்வொருவரும் தனக்கான செலவில் ஒரு பகுதியைத் தன்னோடு கொண்டுவந்தார். நல்ல எண்ணம் மட்டும் இருந்து இந்த விதி இல்லாதிருந்தால், அந்தப் பள்ளி ஓரிரு ஆண்டுகளில் மூடப்பட்டிருக்கும் என்றே நினைக்கிறேன். கல்விச் சீர்திருத்தங்களைப் பற்றி எழுதுபவர்கள் ஆளுமைகளை வியந்துவிட்டு நிதி விதிகளைக் கடந்துபோவது வழக்கம். இந்த நிகழ்வை அப்படிப் படிக்கக் கூடாது.

சில ஆண்டுகளிலேயே மாவட்டத்தின் நான்காண்டுத் தேர்ச்சி விகிதம் 90 சதவீதத்தை நெருங்கியது. இதில் எவ்வளவு கல்லூரிப் பாடத்தால், எவ்வளவு வீடுவீடாகச் சென்று அழைத்ததால், எவ்வளவு மாவட்டம் முழுவதும் அக்காலத்தில் நடந்த மற்ற முயற்சிகளால் என்று பிரித்துச் சொல்ல இயலாது. டெக்சஸ் முழுவதுமே அந்த ஆண்டுகளில் தேர்ச்சி விகிதம் உயர்ந்துகொண்டிருந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். எனினும் மாநிலச் சராசரிக்கு வெகு கீழே இருந்த ஒரு மாவட்டம் அதை எட்டிப் பிடித்தது என்பதில் ஐயமில்லை.

எல்லோருக்குமான பாடமாக

2008-இல் அறிவியலையும் கணிதத்தையும் மையமாகக் கொண்ட முன்கல்லூரிப் பள்ளி ஒன்று மாவட்டத்தில் தொடங்கியது. தொடர்ந்து, ஏற்கெனவே இருந்த பெரிய உயர்நிலைப் பள்ளிகளும் ஒவ்வொன்றாக முன்கல்லூரிப் பள்ளிகளாயின. தேர்ந்தெடுத்த நூறு பேருக்குத் தனிக் கட்டடம் கட்டுவதைவிட, இருக்கும் பள்ளியின் இயல்பையே மாற்றுவது கடினம். எதிர்ப்பு உள்ளிருந்தே வரும். ஆனால் இந்த நிகழ்வின் தனித்தன்மை அங்கேதான் இருக்கிறது. எந்த மாணவருக்குக் கல்லூரிப் பாடம் தரலாம் என்ற கேள்வியை விட்டுவிட்டு, இந்த மாணவரை எந்தப் பாடத்தில், எப்போது நுழைக்கலாம் என்று கேட்கத் தொடங்கினார்கள்.

நடைமுறையில் இது எப்படி நடக்கிறது என்பதை அருகிலிருந்து பார்க்கலாம். டெக்சஸின் அரசுக் கல்லூரிகளுக்குப் பொதுவான பாட எண்முறை ஒன்று உண்டு. ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தின் எண் 1301. முதல் இலக்கம் 1 என்றால் கல்லூரி முதலாண்டுப் பாடம். இரண்டாவது இலக்கம் 3 என்றால் மூன்று செமஸ்டர் மணி. கடைசி இரண்டு இலக்கங்கள் பாடத்தின் வரிசை. மாணவர் ஓர் இலையுதிர்காலத்தில் 1301-ஐயும் அடுத்த வசந்தத்தில் 1302-ஐயும் படித்தால், கல்லூரிக் கணக்கில் ஆறு மணி ஏறும். பள்ளிக் கணக்கில் ஓராண்டு ஆங்கிலப் பாடம் நிறைவுறும். அமெரிக்க வரலாற்றுக்கும் இதே எண்களில் ஓர் இணை உண்டு. அரசியல் பாடமான 2305 ஒரே செமஸ்டரில் முடிந்து, பள்ளியின் அரை கிரெடிட்டை ஈடுசெய்யும். கல்லூரி இயற்கணிதம் 1314. இந்த நான்கு துறைகளையும் சுற்றியே பெரும்பாலான டூயல் கிரெடிட் மாணவர்களின் அட்டவணை அமையும். இவை யாவும் மாநிலத்தின் 42 மணிப் பொதுப் பாடத்தொகுதியைச் சேர்ந்தவை. அத்தொகுதியை ஓர் அரசுக் கல்லூரியில் முழுமையாக முடித்தவரிடம் மற்றோர் அரசுப் பல்கலைக்கழகம் அதே தொகுதியை மீண்டும் படிக்கச் சொல்ல முடியாது.

நுழைவதற்கு ஒரு வாசல் உண்டு. டெக்சஸில் எந்த அரசுக் கல்லூரிப் பாடத்துக்கும் வாசிப்பு, எழுத்து, கணிதம் ஆகியவற்றில் தயார்நிலையைக் காட்ட வேண்டும். அதற்கான மாநில மதிப்பீட்டைச் சுருக்கமாக டிஎஸ்ஐ என்பார்கள். முன்கல்லூரிப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்புக்கு வரும்போதே இதை எழுத வைக்கிறார்கள். தேறாதவருக்கு அடுத்த முயற்சிக்கு இரண்டு, மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. கல்லூரியில் சேர்ந்த பிறகு இதே தேர்வில் தவறுபவர் கிரெடிட் தராத அடிப்படை வகுப்புகளில் பணத்தையும் காலத்தையும் இழக்கிறார். என் பார்வையில் இம்முறை தரும் ஆகப் பெரிய நன்மை இதுதான். கல்லூரியின் வாசலில் நடந்துகொண்டிருந்த வடிகட்டலைப் பதினான்கு வயதுக்கு இழுத்துவந்து, அதைச் சரிசெய்யக் கூடிய குறையாக மாற்றிவிடுகிறது.

பாடம் நடத்துபவர் யார் என்பது அடுத்த சிக்கல். தென்மாநிலக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் அளிக்கும் அமைப்பின் எதிர்பார்ப்புப்படி, இவ்வகைப் பாடத்தை நடத்துபவருக்கு முதுநிலைப் பட்டமும், அந்தத் துறையிலேயே 18 மணி அளவிலான முதுநிலைப் படிப்பும் இருக்க வேண்டும். பள்ளி ஆசிரியர்கள் பலருக்கு முதுநிலைப் பட்டம் உண்டு. ஆனால் அது கல்வியியலிலோ பள்ளி நிர்வாகத்திலோ பெற்றதாக இருக்கும். இருபது ஆண்டுகளாகக் கணிதம் நடத்திவரும் ஆசிரியர், கல்வியியல் முதுநிலையோடு இயற்கணிதம் 1314-ஐ நடத்த முடியாது. பள்ளத்தாக்குப் போன்ற வறிய பகுதியில் கணித முதுநிலை பெற்றவர் பள்ளிக்கு ஏன் வரப்போகிறார்? ஆகவே கல்லூரி ஆசிரியர்களைப் பள்ளிக்கு அனுப்புவது, மாணவர்களைப் பேருந்தில் கல்லூரிக்கு அனுப்புவது, இருக்கும் ஆசிரியர்களை அந்த 18 மணியைப் படிக்க வைப்பது என்று மூன்று வழிகளும் கலந்தே கையாளப்படுகின்றன. இம்முறையைத் தமக்கும் வேண்டுமென்று கேட்கும் சிறிய கிராமப்புற மாவட்டங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நின்றுபோகின்றன.

சான்றுகள் சொல்வது

பள்ளியில் நடத்தப்படும் கல்லூரிப் பாடம் உண்மையில் கல்லூரிப் பாடம்தானா என்ற சந்தேகம் ஆரம்பம் முதல் உண்டு. அமெரிக்கன் இன்ஸ்டிட்யூட்ஸ் ஃபார் ரிசர்ச் என்ற ஆய்வு நிறுவனம் டெக்சஸ் முழுமைக்கும் செய்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி இயற்கணிதத்திலும் ஆங்கிலக் கட்டுரைப் பாடத்திலும் மாணவர்களுக்குத் தரப்பட்ட பணிகளை ஒப்பிட்டுப் பார்த்தது; பள்ளி மாணவர்களுக்கான வகுப்புக்கும் கல்லூரி மாணவர்களுக்கான வகுப்புக்கும் இடையே குறிப்பிடத்தக்க தர வேறுபாட்டை அது காணவில்லை. ஆனால் அதே ஆய்வு, மற்ற காரணிகளைக் கழித்துப் பார்த்தால், வழக்கமான டூயல் கிரெடிட் கல்லூரிச் சேர்க்கையை ஏறத்தாழ 2.4 சதவீதப் புள்ளியும் பட்ட நிறைவை 1.1 சதவீதப் புள்ளியும் மட்டுமே உயர்த்துவதாகக் கணித்தது. வறிய குடும்ப மாணவர்களுக்குக் கிடைத்த பலன் வசதியுள்ளவர்களுக்குக் கிடைத்ததைவிடக் குறைவு.

முன்கல்லூரிப் பள்ளிகளைப் பற்றி அதே நிறுவனம் 2013-இல் வெளியிட்ட நாடளாவிய ஆய்வு வேறு சித்திரத்தைத் தருகிறது. குலுக்கலில் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டதால் அதன் முடிவுகளுக்குக் கூடுதல் எடை உண்டு. இடம் கிடைத்தவர்களில் 86 சதவீதம் பள்ளியை முடித்தார்கள், மற்றவர்களில் 81. கல்லூரியில் சேர்ந்தவர்கள் 80-க்கு 71. ஆய்வுக்காலத்துக்குள் ஏதேனும் ஒரு பட்டம் பெற்றவர்கள் 22 சதவீதம். மறுபக்கத்தில் வெறும் 2.

இரண்டையும் அருகருகே வைத்தால், ஃபார்–சான் ஹுவான்–அலமோவில் நடந்தது ஏன் மற்ற மாவட்டங்களில் எளிதில் நடப்பதில்லை என்பது விளங்கும். ஓரிரு பாடங்களை விரும்பியவர் எடுத்துக்கொள்ளலாம் என்று மெனுவில் வைத்தால் பலன் மெலிதாகவே இருக்கும். ஒன்பதாம் வகுப்பிலேயே தேர்வு, தொடர்ந்த பயிற்சி, ஆலோசகர், செலவில்லாப் பாடநூல், பள்ளி முழுவதும் அதே திசையில் நடப்பது ஆகியவை சேர்ந்தால்தான் எண்கள் அசைகின்றன. பாடத்தைவிட அதைச் சுற்றியுள்ள சாரக்கட்டே பளுவைத் தாங்குகிறது.

மணிகள் சேர்ந்தபின்

வெற்றியின் அளவுகோலே பின்னர் சிக்கலானது. மாநிலத்தின் பள்ளித் தர மதிப்பீட்டில், மாணவர் கல்லூரிக்குத் தயார் என்று கணக்கிடப்படும் வழிகளில் ஒன்று, ஆங்கிலத்திலோ கணிதத்திலோ மூன்று மணி, அல்லது எந்தப் பாடத்திலும் ஒன்பது மணி டூயல் கிரெடிட் பெறுவது. எந்தப் பாடத்திலும் என்று சொல்லிவிட்டால், பள்ளிகள் எளிதில் நடத்தக் கூடிய பாடங்களை நோக்கிச் செல்லும், சென்றன. மேலும், ஒருவர் எத்தனை பாடம் எடுக்கலாம், எந்த வகுப்பிலிருந்து எடுக்கலாம் என்று முன்பு இருந்த வரம்புகளை 2015-இல் சட்டமன்றம் நீக்கிவிட்டது. பள்ளிப் பட்டமளிப்புக்குச் சில வாரங்கள் முன்பே கல்லூரியின் பட்டமளிப்பு மேடையில் அசோசியேட் பட்டம் வாங்கும் பதினெட்டு வயது மாணவர்கள் பள்ளத்தாக்கில் வாடிக்கையான காட்சியானார்கள். குடும்பத்தில் யாருமே கல்லூரி வாசலை மிதிக்காத வீட்டுக்கு அது எத்தகைய நாள் என்பதைக் குறைத்துச் சொல்வது அநியாயம்.

ஆயினும் 60 மணியோடு பொறியியல் படிக்கப் போகும் மாணவரை எடுத்துக்கொள்வோம். பொதுப் பாடங்கள் முடிந்துவிட்டன. ஆனால் பொறியியலின் நான்காண்டு நீளத்தை நிர்ணயிப்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட கணிதமும் இயற்பியலும். பதினொன்றாம் வகுப்பில் கல்லூரி இயற்கணிதத்தோடு கணிதத்தை முடித்துக்கொண்டு, பன்னிரண்டில் கணிதமே தொடாமல் வந்தவர், நுண்கணிதத்துக்கு முந்தைய படியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். காகிதத்தில் மூன்றாமாண்டு, படிப்பில் முதலாண்டு. வரலாறு, உளவியல், கலை என்று சேர்த்த மணிகளில் பல, பட்டத்துக்குத் தேவையில்லாத விருப்பப் பாடக் கணக்கில் போய் உட்கார்ந்துவிடும். மணிகளை ஏற்றுக்கொண்டோம் என்று பல்கலைக்கழகம் சொல்வதும், அவற்றைப் பட்டத்தில் பொருத்தினோம் என்று சொல்வதும் இருவேறு செய்திகள்.

மதிப்பெண்ணின் நிரந்தரம் மற்றொன்று. பதினைந்து வயதில் கல்லூரி வரலாற்றில் வாங்கிய டி கிரேடு அழிவதில்லை. மருத்துவக் கல்லூரிகளுக்கான அமெரிக்கப் பொது விண்ணப்ப முறை, பள்ளிப் பருவத்தில் படித்தவை உட்பட எல்லாக் கல்லூரிப் பாடங்களின் சான்றையும் கேட்கிறது. பாடம் கைமீறிப் போகிறது என்று தெரிந்தால் விலகுவதற்கும் காலக்கெடு உண்டு: வழக்கமான பதினாறு வார செமஸ்டரில் வகுப்புகள் நடக்கும் பன்னிரண்டாவது நாளுக்குள் விலகினால் தடயமே இருக்காது; அதற்குப்பின் விலகினால் சான்றிதழில் டபிள்யூ என்ற எழுத்து நிற்கும். பள்ளிகளில் முதல் மதிப்பெண் அறிக்கை வருவதற்குள் இந்த நாள் பெரும்பாலும் கடந்துவிடுகிறது. இதற்கு மேல், 1974-ஆம் ஆண்டின் கல்வித் தனியுரிமைச் சட்டப்படி, கல்லூரியில் பதிவான கணத்தில் அந்தப் பதிவேட்டின் உரிமை மாணவருக்குப் போய்விடுகிறது, அவர் பதினெட்டு நிரம்பாதவராக இருந்தாலும்கூட. கல்லூரிப் பேராசிரியருக்குத் தொலைபேசியில் அழைத்து என் மகள் எப்படிப் படிக்கிறாள் என்று கேட்கும் தாய்க்கு விடை கிடைக்காமல் போகலாம். பள்ளி வழியாகக் கேட்டால் கிடைக்கும். பெற்றோருக்குப் பயன்படும் ஒரு சட்டமும் உண்டு: 2009-இல் இயற்றப்பட்ட அதன்படி, டெக்சஸின் அரசுக் கல்லூரிகள் இளநிலைப் பாடங்களின் பாடத்திட்டத்தை இணையத்தில் பொதுவில் வைத்தாக வேண்டும். பாடத்தில் பதிவதற்கு முன் அதைத் திறந்து, எத்தனை கட்டுரை, எத்தனை தேர்வு என்று பார்ப்பவர்கள் அரிது.

டாலஸின் ஃபிரிஸ்கோ, பிளேனோவிலும் ஹூஸ்டனின் கேட்டி, சுகர்லேண்டிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதே டூயல் கிரெடிட் முற்றிலும் வேறு முகத்தைக் காட்டுகிறது. அங்கே கேள்வி, பள்ளியிலேயே கல்லூரித் தரப் பாடம் படித்து நாடளாவிய அளவில் எழுதும் ஏபி தேர்வா, டூயல் கிரெடிட்டா, வகுப்புத் தரவரிசையில் எதற்கு எடை அதிகம் என்பதுதான். 1997-இன் சட்டம் பள்ளியின் முதல் 10 சதவீதத்தினருக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் நேரடி இடம் தருகிறது. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்துக்கு மட்டும் அது குறுகிக்கொண்டே வந்து 2026 இலையுதிர்காலச் சேர்க்கைக்கு 5 சதவீதமாகிவிட்டது. எடையை ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் தன் விருப்பப்படி வகுத்துக்கொள்கிறது. நாட்டின் முன்னணித் தனியார் பல்கலைக்கழகங்கள் பல, பள்ளி டிப்ளமோவுக்குக் கணக்கிடப்பட்ட பாடத்துக்குக் கிரெடிட் தருவதில்லை. டெக்சஸுக்கு வெளியே குறிவைக்கும் குடும்பம் ஏபியையும், மாநிலத்துக்குள் செலவைக் குறைக்க நினைக்கும் குடும்பம் டூயல் கிரெடிட்டையும் நாடுவது இதனால்தான். இரண்டையும் கலக்கும்போது குழப்பம் மிகும்.

பள்ளத்தாக்கில் இந்தக் கவலைகள் ஓரளவு தணிந்ததற்குப் புவியியல் ஒரு காரணம். மாணவர்களில் பெரும்பகுதியினர் வீட்டிலிருந்தே போய்வரும் தூரத்தில் மேற்படிப்பைத் தொடர்கிறார்கள். 2015-இல் பழைய இரு பல்கலைக்கழகங்கள் இணைந்து உருவான ரியோ கிராண்டே பள்ளத்தாக்குப் பல்கலைக்கழகமும் சவுத் டெக்சஸ் கல்லூரியும் ஒன்றின் பாடத்தை மற்றொன்று அறிந்தவை. பள்ளத்தாக்கை விட்டு வெளியேறும் மாணவருக்குத்தான் மணிகள் உதிரும் அபாயம் அதிகம்.

சட்டமன்றமும் தாமதமாகவே இதைக் கவனித்தது. 2019-இல் இயற்றிய சட்டம், 15 மணியோ அதற்கு மேலோ சேர்த்த டூயல் கிரெடிட் மாணவர், தாம் எந்தப் பட்டத்தை நோக்கிச் செல்கிறார் என்ற திட்டத்தைக் கல்லூரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்றது. 2023-இன் சட்டம் இன்னும் ஆழமாகச் சென்று, சமுதாயக் கல்லூரிகளுக்கான மாநில நிதியையே விளைவோடு கட்டியது. ஒரு பட்டத்துக்கோ தொழிற்பாடத்துக்கோ பொருந்தும் வகையில் குறைந்தது 15 மணியை முடித்த டூயல் கிரெடிட் மாணவருக்காகக் கல்லூரிக்குத் தனியாக நிதி உண்டு. சிதறிய மணிகளுக்கு அது இல்லை. அதே சட்டத்தின் வேறொரு பிரிவு, இலவச அல்லது சலுகை மதிய உணவுக்குத் தகுதிபெற்ற குடும்பத்துப் பிள்ளைகள் இத்திட்டத்தில் சேர்ந்த கல்லூரிகளில் கட்டணமின்றி டூயல் கிரெடிட் படிக்க வழிசெய்கிறது. சவுத் டெக்சஸ் கல்லூரி தன் பொறுப்பில் ஏற்றுவந்த தள்ளுபடியை இப்போது மாநிலம் தன் செலவில் பிற பகுதிகளுக்கும் நீட்டுகிறது.

கிங் 2019-இல் ஓய்வு பெற்றார். முறை அவரோடு போய்விடவில்லை. பணம் இனி பொருந்தும் மணிகளைத் தேடிப் போகும் என்பதால், எந்தப் பாடம் எந்தப் பட்டத்தில் சேரும் என்பதை ஒன்பதாம் வகுப்பிலேயே குடும்பத்தோடு உட்கார்ந்து பேச வேண்டிய ஆள் யார் என்ற கேள்வி முன்னுக்கு வந்துவிட்டது. டெக்சஸின் பள்ளி ஆலோசகர் ஒருவர் சில நூறு மாணவர்களைப் பார்த்துக்கொள்கிறார். பாடத் தேர்வைத் தவிர வருகைப் பதிவும், தேர்வு மேற்பார்வையும், வீட்டுச் சிக்கல்களும் அவரிடமே வருகின்றன. கட்டணம் தள்ளுபடியாகிவிட்ட பிறகு இம்முறையில் மிகவும் அரிதாக இருப்பது அந்த ஆலோசகரின் நேரம்தான். 2023-இன் நிதி அதற்கெனத் தனியாக எதையும் ஒதுக்கவில்லை.